நாற்பதில் நின்ற முள்

என் மனைவியின் தம்பி அமலன் நெஞ்சுவலியோடு என் முதுகில் சாய்ந்திருந்தான். என் புது மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கெட்டுவிடக் கூடாதே என்று, நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினேன். அவன் செத்துப்போனான்.

இதுதான் நான் செய்தது. இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இந்த இடத்திலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகலாம். போனால் நான் வருந்த மாட்டேன்... இல்லை, வருந்துவேன். போகாதீர்கள். என் மனைவிக்கு இது தெரியாது. அவன் மனைவிக்குத் தெரியாது. ஆண்டுதோறும் என் பாவங்களைக் காதுகொடுத்துக் கேட்கும் சாமியாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதன்முதலாகத் தெரிகிறது.

நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில், தருமபுரத்தில் குடியிருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டுக்கு வாங்கிய அன்று போட்ட பாலிதீன் உறை இன்றும் அப்படியே இருக்கிறது. எண்கள் மங்கலாகத்தான் தெரியும். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன... உள்ளே பொத்தான் புத்தம் புதிதாக இருக்கிறதே! கைக்கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை ஒருநாள் என் மனைவி பிலோமினா நகத்தால் உரித்துப் போட்டுவிட்டாள். அன்று முழுவதும் அவளோடு நான் பேசவில்லை.

“ஒங்களுக்குப் பொருளு தேயக் கூடாது. மனுசங்க தேஞ்சா பரவாயில்ல” என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

இப்படிப்பட்டவன் ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அதுவரை பழைய மொபெட்டைத்தான் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வாங்க வைத்ததே அமலன்தான். அம்பகரத்தூரில் அவனுக்குக் கொஞ்சம் வயல், அரிசி ஆலையில் ஒரு வேலை. ஆனால் அவன் உயிர் முழுதும் வண்டிகளில்தான் இருந்தது. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டு, அதற்கு என்ன கோளாறு என்று சொல்வான். கடைக்கு என்னோடு வந்து, நிறுத்தியிருந்த வண்டிகளையெல்லாம் பெண் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கறுப்பு வண்டியின் பெட்ரோல் தொட்டியைத் தட்டி, “இதான் அத்தான்” என்றான்.

புது எஞ்சினை எப்படிப் பழக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவனே. கடைக்காரர் ஏதோ மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார். அமலன்தான் விளங்கச் சொன்னான்.

“உள்ள எல்லாம் புது இரும்பு அத்தான். ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகணும். புதுசாக் கட்டிக்கிட்டவங்க மாதிரின்னு வச்சுக்குங்களேன்... எடுத்த எடுப்பில வெரட்டினா ஆயுசுக்கும் சண்டதான். மொத சர்வீஸ் வரைக்கும் நாப்பதத் தாண்டாதீங்க. அப்புறம் பாருங்க, கடைசிவரைக்கும் ஒங்க சொல்பேச்சு கேக்கும்.”

ஐயோ, அந்த விதி எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா! எனக்காகவே யாரோ எழுதிவைத்த சட்டம்போல் இருந்தது. மாதா கோயில் சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். அது போதாதென்று அமலன், “எதுக்கும் இருக்கட்டும் அத்தான்” என்று அம்பகரத்தூர் அம்மன் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னான். மாதாவுக்கும் அம்மனுக்கும் பொதுவான வண்டி என்று கிண்டல் செய்தான். இருக்கையின் பாலிதீன் உறையை மட்டும் நான் கழற்றவில்லை.

அந்த நாட்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். ஆம், சொல்லத்தான் வேண்டும். அலுவலகம் விட்டதும் நேரே கடற்கரைச் சாலைக்குப் போவேன். அரசலாற்றின் ஓரமாக, முள்ளை நாற்பதில் நிறுத்தி, போவதும் வருவதுமாக இருப்பேன். முள் சற்று ஏறினால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பின்னால் அமர்ந்திருக்கும் பிலோமினா, “இதுக்கு நான் நடந்தே வந்திருப்பேன், மானம் போவுது” என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளை அழைத்துக்கொண்டு அம்பகரத்தூர் போனேன். வண்டியை எப்படிப் பழக்கியிருக்கிறேன் என்று காட்டத்தான். அமலன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச்சுற்றி வந்தான். எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து, காதை அருகே வைத்துக் கேட்டான். “நல்லாப் பழக்கியிருக்கீங்க. ஒங்களுக்குப் பொறுமை இருக்கு அத்தான்” என்றான்.

அவன் வாயால் நான் கேட்ட கடைசிப் பாராட்டு அதுதான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவன் முகம் சரியில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. இடது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். வாய்வுதான் என்றான். அவன் மனைவி ரெஜினா ஓமத்தண்ணீர் கொடுத்தாள், குடித்ததை வாந்தியெடுத்தான். தாடைவரை இழுத்துப் பிடிக்கிறது என்றான்.

ரெஜினா வாசலை எட்டிப் பார்த்தாள். “அண்ணே, எதிர் வீட்டுல காரு நிக்குது. கேக்கட்டுமா?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கேளம்மா, ஓடு என்றுதானே?

நான் சொன்னது இது: “காரு எதுக்கும்மா? அவுங்க சாவியத் தேடி எடுக்கறதுக்குள்ள நான் காரைக்கால் போய்ச் சேந்துடுவேன். நம்ம வண்டி இருக்கு.”

நம்ம வண்டி! எவ்வளவு பெருமை அந்தச் சொல்லில்! என் வண்டிக்கு ஒரு வேலை வந்தது என்று உள்ளுக்குள் பூரித்தேனே... அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. எதிர் வீட்டுக் கார் அங்கேயே நின்றது. எல்லோரும் என்னை நம்பினார்கள்.

அமலன் தானாகத்தான் ஏறி உட்கார்ந்தான். பிலோமினா வாசல்வரை ஓடிவந்து, “பறந்து போங்க” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

நடுப்பகல். சாலையில் ஆளில்லை. இருபுறமும் வயல். தண்ணீர் விட்டு உழுது போட்டிருந்தார்கள், கொக்குகள் நின்றன. இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது. ஏன் நினைவிருக்கிறது என்று கேளுங்கள்... மெதுவாகப் போனால் எல்லாம்தான் கண்ணில் படும்!

என் பக்கம் ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். பல காலமாக அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஊர் எல்லையைத் தாண்டும்போது அமலன் என் காதருகே, “மெதுவாவே போங்க அத்தான். வாய்வுதான், எறங்கிடும். வண்டி செட் ஆவட்டும்” என்றான். உண்மையாகவே சொன்னான். சத்தியம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் எஞ்சினுக்காகக் கவலைப்பட்டான். அப்படிப்பட்ட பிள்ளை அவன்.

அவனே சொன்னான், நான் கேட்டேன். சரிதானே? என்மேல் என்ன தவறு?

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நீங்களும் என்னை மன்னித்துவிடுவீர்கள். பாதியைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் சாமர்த்தியம் எனக்கு உண்டு. ஆனால் மீதி இருக்கிறது.

திருநள்ளாற்றைக் கடந்ததும் பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்தது. மண்டபத்தூர் மீன்காரர் சேகர். எங்கள் தெருவுக்கும் வருபவர். சுற்றுவட்டார ஊர்களில் மீன் விற்று முடித்து, காலிப் பெட்டி கடகடக்க வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்தத் தகர வண்டி என் புது மோட்டார் சைக்கிளை முந்திற்று! முந்தும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன சார், ஓட்டிக்கிட்டுப் போறீங்களா, தள்ளிக்கிட்டுப் போறீங்களா?”

பின்னால் இருந்தவனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அது என் முதுகில் புதைந்திருந்தது. நான் அவருக்குப் பதிலாக ஒரு சிரிப்புகூடச் சிரித்தேன். மரியாதைக்கு.

அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான் அமலன் அதைச் சொன்னான்.

“அத்தான்... கொஞ்சம் வெரசாப் போங்க.”

கேட்டது. காற்று அடித்தது, சரியாகக் காதில் விழவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நாற்பதில் போகும் வண்டியில் என்ன பெரிய காற்று? தெளிவாகக் கேட்டது.

கையை முறுக்கினேன். முள் நாற்பத்தைந்துக்குப் போயிற்று. ஐம்பதைத் தொட்டது. எஞ்சினின் சத்தம் மாறிற்று, அதுவரை நான் கேட்டிராத ஒரு கரகரப்பு. கால் வைக்கும் இடத்தில் ஓர் அதிர்வு. உள்ளே புது இரும்பு உரசுகிறது, உரசித் தேய்கிறது என்று என் உடம்பு கூசிற்று... கை தானாக இறங்கிற்று.

தானாகவா?

பொய்! கை எங்கேயாவது தானாக இறங்குமா? நான்தான் இறக்கினேன். அறிந்து இறக்கினேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே, தருமபுரம் வந்துவிட்டதே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது, இத்தனை நாள் பொத்திப் பொத்திப் பழக்கியதை ஐந்து நிமிடத்தில் பாழாக்குவானேன்... இப்படித்தான், இதே சொற்களில்தான் நினைத்தேன். ஒரு மனிதன் நினைக்கக்கூடியதா இது? நான் நினைத்தேன்.

முள் நாற்பதுக்குத் திரும்பிற்று. எஞ்சின் அமைதியாயிற்று. எனக்கும் நிம்மதியாயிற்று.

அமலன் இரண்டாம் முறை கேட்கவில்லை. என் இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் தளர்ந்தன. விழுந்துவிடப் போகிறான் என்று இடது கையால் அவன் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தன. தூங்கிவிட்டான், வலி குறைந்திருக்கும் என்று எண்ணினேன். வலது கை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. என் வீட்டுத் தெருமுனையைக் கடந்தபோது அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்து என் தோளில் இடித்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

மருத்துவமனையில் ஓடிவந்து இறக்கினார்கள். உள்ளே கொண்டுபோனார்கள். என்னென்னவோ செய்தார்கள். என் மகள் வயதில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்து, என்னைத் தனியே அழைத்து, மெல்லச் சொன்னாள். “இப்பதான் சார் உயிர் போயிருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?”

கொஞ்சம் முன்னாடி... அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

வேகமாகப் போயிருந்தால் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. ஒருவேளை எப்படியும் போயிருப்பானோ என்னவோ! சில நாள் அப்படி நினைத்துக்கொண்டு ஒரு வேளைச் சோறு இறங்கும். மறுநாளே ‘வெரசாப் போங்க’ என்பது கேட்கும். அவன் பிழைத்திருப்பானா என்பதா என் கேள்வி? அவன் வேகத்தைக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. பிழைக்க மாட்டான் என்று தெரிந்தா கொடுக்காமல் இருந்தேன்?

இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவன் உடலை ஆம்புலன்சில் ஏற்றி அம்பகரத்தூருக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே நான் என் வண்டியில் போனேன். அழுதுகொண்டேதான் போனேன். வழிநெடுகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன்... அப்போதும் நாற்பது! ஆம்புலன்ஸ் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. நான் போய்ச் சேரும்போது வீட்டில் ஒப்பாரி தொடங்கியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் பிலோமினா வந்தவர்களிடமெல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள். “எங்க வீட்டுக்காரரு பறந்துதான் கொண்டுபோனாரு. பறந்துதான் போனாரு... அப்பயும் என் தம்பி நிக்கலயே!” ரெஜினா என் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க முடிஞ்சதச் செஞ்சீங்கண்ணே” என்றாள். எந்தக் கை, எது முறுக்காத கை என்று பாராமல் இரண்டையும் ஒற்றிக்கொண்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொன்னதில்லை என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் உயிரோடு இருந்தேன்.

முதல் சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். மற்ற வேலையாட்களையும் அழைத்துக் கேட்கச் சொன்னார். “இப்படிப் பழக்கிக் கொண்டாந்தவங்கள நான் பாத்ததே இல்ல சார். வெண்ணெய் கணக்கா இருக்கு” என்றார். அந்தப் பேச்சு அலுவலகம்வரை வந்துவிட்டது. எனக்குக் கைராசி என்றார்கள்!

சிரிக்காதீர்கள். இது உண்மை. யார் வீட்டில் புது வண்டி வாங்கினாலும் முதலில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். “சார் கை பட்டா வண்டி ஆயுசுக்கும் ஓடும்” என்கிறார்கள். சில நாள் வைத்திருந்து பழக்கிக் கொடுங்கள் என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். முடியாது என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று நான் எதைச் சொல்வேன்? எல்லார் வண்டியையும் நாற்பதில் ஓட்டித் திருப்பிக் கொடுக்கிறேன். ஒன்றும் பழுதானதில்லை. என் வண்டியும்தான். இத்தனை ஆண்டாயிற்று, ஒருநாள், ஒரே ஒருநாள் வழியில் நின்றிருக்கிறதா? நின்றால் காலால் உதைக்கலாம், கல்லால் அடிக்கலாம்... அந்தக் கொடுப்பினையும் எனக்கு இல்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். முழங்காலிட்டு, கோபப்பட்டேன், புறணி பேசினேன், பூசைக்கு நேரம் கழித்து வந்தேன் என்று வரிசையாகச் சொல்வேன். ஒருமுறை மட்டும் தொண்டைவரை வந்துவிட்டது. “சாமி, ஒரு வண்டிமேல அளவுக்கு மீறி ஆசை வச்சிட்டேன்” என்றேன். சாமியார் சிரித்துவிட்டார். பொருளாசை எல்லார்க்கும் உள்ளதுதான் என்று சொல்லி, மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றே மூன்று!

மீன்காரர் சேகரிடம் நான் இப்போது மீன் வாங்குவதில்லை. அவர் ஹாரன் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் வாசலில் நின்று பிலோமினாவிடம், “சார் மாதிரி வண்டிய வச்சிருக்க யாரால முடியும்? நடுரோட்டுல நான் மொபெட்டுல முந்தினவன்ல!” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால்? என்றைக்காவது ஒருநாள், வஞ்சிரத்துக்குப் பேரம் பேசும்போது, சும்மா பேச்சுக்குக் கேட்டுவிட்டால்?

போன வாரம் அமலனின் மகள் ஜெனிட்டா ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். அப்பா போனபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவள், இப்போது வேலைக்குப் போகிறாள். வண்டியை அம்பகரத்தூரில் இறக்கியதும் முதல் அழைப்பு எனக்குத்தான். “மாமா, நீங்கதான் பழக்கித் தரணும். வேற யாரையும் தொட விடமாட்டேன்” என்றாள்.

போனேன். சாவியை இரு கையாலும் கொடுத்தாள். பின்னால் ஏறிக்கொண்டாள். காரைக்கால்வரை போய்வரலாம் என்றாள். அதே சாலை. வெயில் தாழ்ந்திருந்தது. அவள் வண்டியில் முள் இல்லை, எண்தான் ஒளிர்கிறது. நாற்பது.

திருநள்ளாற்றைக் கடந்ததும் அவள் என் தோளைத் தொட்டாள்.

“மாமா... அன்னைக்கு அப்பாவ இந்த ரோட்டுலதானே கொண்டு போனீங்க?”

“ஆமாம்மா.”

“எவ்வளவு வேகத்துல போனீங்க மாமா?”

இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கேட்க வேண்டியவள் கேட்டாள். இதற்காகத்தானே காத்திருந்தேன்? சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கதறினான். ஒரு சொல்தான். அந்தச் சொல் என் கண்ணெதிரில் எண்ணாகவே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“எண்பது” என்றேன்.

போயிற்று. பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றும் போயிற்று. மௌனமாக இருந்தவன் இப்போது பொய்யனும் ஆனேன், அவன் பெற்ற பிள்ளையிடமே!

ஜெனிட்டா தன் நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டாள். அவன் வைத்த அதே இடம்.

“அப்ப ஒங்களுக்கும் புது வண்டிதானே மாமா” என்றாள். “எங்க அப்பாவுக்காக அதக்கூடப் பாக்கலயே நீங்க...”

நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தருமபுரம் வந்தது. என் வலது கை நாற்பதிலேயே இருந்தது.